முனீஸ்வரனுக்கு வெனிலா பிடிக்காது

திருவண்ணாமலை வேட்டவலம் சாலைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடிக்குப் போனால் மலை முழுசாகத் தெரியும். கார்த்திகை தீபத்தன்று சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த மாடியில்தான் இருப்பார்கள். மற்ற நாட்களில் அங்கே துணி காயும், வடகம் காயும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த வீட்டுப் பெரியவர் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு வயது 68. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவில் இன்னமும் ‘கண்டக்டர்’ என்றுதான் பேர். மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில் வேலை, வாரக் கடைசியில் வருவார். மருமகள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். பேத்திக்குப் பதினோரு வயது, ஆறாம் வகுப்பு.

ஒரு நாள் மத்தியானம் கூரியர் பையன் வந்து பெல் அடித்தான். மருமகள் டியூட்டியில் இருந்தார். பெரியவர் கண்ணயர்ந்திருந்தார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் பேத்திதான் கதவைத் திறந்தாள். பையன் பேரைக் கேட்டான், டப்பாவைக் கொடுத்தான், போனில் ஒரு தட்டு தட்டினான், போய்விட்டான்.

“தாத்தா, உங்களுக்கு கிஃப்ட் வந்திருக்கு!”

பெரியவர் பதறி எழுந்த வேகத்தைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. டப்பாவின் மேல் ‘கிஃப்ட் பாக்ஸ்’ என்றுதான் போட்டிருந்தது. உள்ளே ஜிப் வைத்த கண்ணாடிப் பையில் ஆறு சுருட்டுகள் இருந்தன. ஆறும் ஆறு தினுசு.

“இன்னா தாத்தா இது?”

“ஒண்ணுமில்ல பாப்பா. சாமிக்கு.”

பதினோரு வருஷத்தில் அவர் பேத்தியிடம் சொன்ன முதல் பெரிய பொய் அது.

849 ரூபாய்க்கு ஆறு

கண்டக்டருக்கு ஒரு காலத்தில் சிகரெட் இல்லாமல் வண்டி நகராது. நைட் சர்வீஸில் தூக்கம் வராமல் இருக்க ஒன்று, டிக்கெட் கணக்கு ஒத்துப்போனால் ஒன்று, போகாவிட்டால் இரண்டு. பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கப் போனபோது மருமகள் மெதுவாகச் சொன்னார். “கைய கழுவினாலும் வாசன போவல மாமா. பாப்பாவ தூக்கணும்னா அத விட்டுடணும்.” கண்டக்டர் அன்றைக்கே விட்டார். தீபாவளி, பொங்கல், கல்யாணம், சாவு என்று எத்தனையோ வந்தும் அவர் தொடவில்லை. மனைவி இறந்த பதினாறு நாளில்கூடத் தொடவில்லை.

பிறகு எப்படி இந்த டப்பா வந்தது?

போனில்தான் வந்தது. ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் பழைய பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் தானாக ஒரு வீடியோ ஓடியது. இரண்டு வாலிபர்கள் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, குறைந்த விலையில் ஆன்லைனில் கிடைக்கும் சுருட்டுகளை ஒவ்வொன்றாகப் பற்றவைத்து மார்க் போட்டார்கள். கண்டக்டருக்கு ஆளைப் பார்க்கத் தோன்றவில்லை, புகையைத்தான் பார்த்தார். அவருடைய அப்பா ஏர் ஓட்டி முடித்து வரப்பில் உட்கார்ந்து பற்றவைக்கும் சுருட்டு ஞாபகத்துக்கு வந்தது. அப்பாவின் துண்டில் அந்த வாசனை எப்போதும் இருக்கும். அந்தத் துண்டைப் போர்த்திக்கொண்டுதான் சின்ன வயதில் தூங்குவார். அப்பா போய் நாற்பது வருஷம். துண்டும் போய்விட்டது.

வீடியோவின் கீழே ஒரு சுட்டி இருந்தது. ஆறு சுருட்டு, 849 ரூபாய், டெலிவரி இலவசம். ‘உங்களுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டதா?’ என்று ஒரு கட்டம் கேட்டது. ‘ஆம்’ என்பதைத் தொட்டார். பேத்தி தொட்டிருந்தாலும் அது திறந்திருக்கும்.

மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. ‘இது சிகரெட் இல்லை. சுருட்டை யாரும் உள்ளே இழுப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, ஆறு நாள். அதோடு சரி.’

நாலு சாயங்காலம்

முதல் நாள் எடுத்தது ஒல்லியான சுருட்டு. நுனியை உதட்டில் வைத்ததும் இனித்தது. பற்றவைத்தால் வெனிலா ஐஸ்கிரீம் வாசனை. மலிவான சுருட்டுகளில் இது சகஜம். நல்ல இலை விலை அதிகம். அதனால் சாதாரண இலையை எடுத்து, நுனியில் இனிப்பைத் தடவி, உள்ளே வாசனை ஏற்றி விடுவார்கள். புகையிலையின் காரம் தெரியாது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களை, முக்கியமாகச் சின்ன வயசுக்காரர்களை, இழுத்துப் பிடிப்பதும் இந்த இனிப்புதான். கண்டக்டருக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் துண்டில் வெனிலா அடித்ததில்லை.

இரண்டாம் நாள் சுருட்டு கையில் எடுத்ததுமே பொரித்த அப்பளம் போல நொறுங்கியது. சுருட்டில் மூன்று பாகம் உண்டு. நடுவில் திணித்திருக்கும் உள் இலை, அதைப் பிடித்துக் கட்டும் இலை, அழகுக்கும் வாசனைக்கும் மேலே சுற்றும் மெல்லிய இலை. மேல் இலை உலர்ந்தால் வெடித்துவிடும். அதனால்தான் விலை உயர்ந்த சுருட்டுகளை 65 முதல் 70 சதவீதம் வரை ஈரப்பதம் இருக்கும் தேவதாரு மரப் பெட்டியில் வைக்கிறார்கள். கோடவுனில் கிடந்து, கூரியர் வண்டியில் வெயிலில் வெந்து, திருவண்ணாமலை வந்து சேர்ந்த மலிவுச் சுருட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பற்றவைத்தபோது ஒரு பக்கமாக எரிந்து, தொண்டை கரகரத்ததுதான் மிச்சம்.

மூன்றாவது சுருட்டில் புகையே வரவில்லை. முழு இலைகளை நீளவாக்கில் மடித்துச் சுருட்டினால் நடுவே காற்று போக வழி இருக்கும். மலிவானதில் பெரும்பாலும் நறுக்கிய துண்டு இலைகளையும் தூளையும் அடைப்பார்கள். ஒரு இடத்தில் கல்லாக இருக்கும், இன்னோர் இடத்தில் காலியாக இருக்கும். கண்டக்டர் கன்னம் ஒட்ட இழுத்தார். அப்படி இழுத்தபோதுதான் பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது. புகை நேராக நெஞ்சுக்குள் போனது. அவர் இருமவில்லை. இருமாமல் இருந்ததுதான் அவருக்கே பயமாக இருந்தது.

நாலாவது சுருட்டு கறுத்து, கட்டை விரல் கனத்தில் இருந்தது. ‘ஸ்ட்ராங்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. பாதி போவதற்குள் நெற்றியில் வேர்வை, வாயில் உமிழ்நீர், வயிற்றைப் புரட்டல். மலை லேசாக ஆடுவது போல இருந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணி எடுக்க வந்த பேத்தி எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.

“அம்மா! தாத்தாவுக்கு என்னவோ ஆவுது!”

மருமகள் கேட்ட கேள்வி

நர்ஸ் மருமகள் முதலில் நாடி பார்த்தார். பிறகு பி.பி. பார்த்தார். மோர் கொடுத்துப் படுக்க வைத்தார். அதற்கு அப்புறம்தான் அணைந்துகிடந்த சுருட்டை எடுத்துப் பார்த்தார். கத்துவார் என்று கண்டக்டர் எதிர்பார்த்தார். கத்தவில்லை.

“எத்தனாவது மாமா இது?”

“நாலாவதும்மா. சிகரெட் இல்ல, சுருட்டுதான். உள்ள இழுக்கலாம்னு இல்ல...”

“உள்ள இழுக்கலைன்னாலும் ஏறும் மாமா.”

மருமகள் சொன்னது ஆஸ்பத்திரிப் பாடம். சுருட்டுக்கான புகையிலையைக் காற்றில் உலர்த்திப் புளிக்க வைக்கிறார்கள். அதனால் அதன் புகை காரத்தன்மை கூடியது. அந்தப் புகையில் இருக்கும் நிகோடின், நெஞ்சுக்குள் போகாமலே வாய்த் தோல் வழியாக ரத்தத்தில் கலந்துவிடும். ஒரு சிகரெட்டில் ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலைதான் இருக்கும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவு புகையிலை இருக்கலாம். பல பெரிய சுருட்டுகளில் 100 முதல் 200 மில்லிகிராம் வரை நிகோடின் உண்டு. பதினோரு வருஷம் பழக்கம் விட்டுப்போன உடம்பில் அது போய் உட்கார்ந்தால் மலை ஆடத்தான் செய்யும்.

புகையை உள்ளே இழுக்காதவருக்கு நுரையீரல் ஆபத்து சிகரெட்டைவிடக் கொஞ்சம் குறையலாம். ஆனால் வாய், நாக்கு, தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் எல்லாம் அந்தப் புகையில்தான் ஊறுகின்றன. அங்கெல்லாம் புற்றுநோய் வர சுருட்டு காரணமாகிறது. வடக்கு ஆந்திராவின் கடலோரக் கிராமங்களில் சில பெண்கள் ‘சுட்டா’ என்ற சுருட்டை, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துக்கொண்டு புகைப்பது வழக்கம். அவர்களுக்கு மேல் அண்ணத்திலேயே புற்றுநோய் வருவதை டாக்டர்கள் பல காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த இடம் புகையைத் தாங்குகிறதோ அந்த இடம் விலை கொடுக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சுருட்டை மட்டுமே பழகியவர்கள் பெரும்பாலும் வாயோடு நிறுத்திக்கொள்வார்கள். சிகரெட்டிலிருந்து வந்தவர்கள் அப்படி நிறுத்துவதில்லை. பழைய ஞாபகத்தில் நெஞ்சு வரை இழுத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் கண்டக்டருக்கு நடந்தது அதுதான்.

“பாப்பா கையிலதான் பார்சல குடுத்தாங்களாமே?” என்றார் மருமகள்.

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

கூரியர் பையன் மேல் தப்பில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. ஆனால் 2003 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. சுருட்டும் அதில் அடக்கம். பாக்கெட்டின் முன்னும் பின்னும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும். படம் இல்லாமல் விற்பதே குற்றம். குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுத்தால் 2015 ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் சின்னப் பிள்ளை கேட்டால் ‘அப்பாவ வரச் சொல்லு’ என்று திருப்பி அனுப்பிவிடலாம். அவருக்குக் கண் இருக்கிறது. ‘ஆம்’ என்ற கட்டத்துக்குக் கண் இல்லை.

கண்ணாடிப் பையில் எச்சரிக்கைப் படம் எதுவும் இல்லை. பெரிய பெட்டியிலிருந்து உதிரியாக எடுத்து யாரோ மாற்றிப் போட்டிருந்தார்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, மிட்டாய் வாசனை அடிக்கும் அந்த வெனிலாச் சுருட்டைக் கடித்துத் தின்றிருந்தால், வாந்தியோடு நிற்காமல் வலிப்பு வரைக்கும் போயிருக்கும்.

மருமகள் கடைசியாக ஒன்று கேட்டார். “எதத் தேடி வாங்கினீங்க மாமா?”

கண்டக்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். “எங்கப்பா வாசன.”

“வந்துச்சா?”

“வரலம்மா. ஐஸ்கிரீம் வாசனதான் வந்துச்சு.”

ஊர் சுற்றிய சொல்

மறுநாள் பேத்தி சமாதானத்துக்கு வந்தாள். அவள் கையில் மீதி இருந்த இரண்டு சுருட்டுகளின் சீட்டு. ஒன்றில் ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று இருந்தது.

“தாத்தா, இது எந்த ஊர் பேரு?”

“நம்ம பேருதான் பாப்பா. சுருட்டுதான் வெள்ளக்காரன் வாயில செரூட் ஆயிடுச்சு.”

கண்டக்டர் சொன்னது சரி. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுக்கீசியர்கள்தான் அதை இங்கே கொண்டுவந்தார்கள். ஆனால் இலையைச் சுருட்டிப் புகைப்பதற்குத் தமிழர்கள் வைத்த பெயரை ஐரோப்பியர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் நம் ‘சுருட்டு’ என்பதை அகராதிகளே ஒப்புக்கொள்கின்றன.

கண்டக்டர் திருச்சி ரூட்டில் பல வருஷம் போனவர். உறையூரைப் பற்றிச் சொன்னார். சோழர்களின் பழைய தலைநகரம், கைத்தறிச் சேலைக்குப் பேர் போன ஊர், கூடவே சுருட்டுக்கும் பேர் போன ஊர். திண்டுக்கல் பக்கத்து மண்ணில் விளைந்த புகையிலை, உறையூர்க் கைகளில் சுருட்டாகிக் கப்பல் ஏறியது. ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் துப்பறிந்த ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ 1887 இல் வெளிவந்தது. அதில் சாம்பலை வைத்தே கொலைகாரன் குடித்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார். லண்டன் வாசகருக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லாத அளவுக்கு அந்தப் பெயர் பழகியிருந்தது. சென்னை ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலையே வைத்திருந்தது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் சுருட்டு பெரிய தொழில். அங்கிருந்து போய்த் தென்னிலங்கை ஊர்களில் சுருட்டுக் கடை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம்.

“க்யூபாலயும் சுருட்டு பண்ணுவாங்கன்னு மிஸ் சொன்னாங்க தாத்தா.”

ஆமாம், அங்கே ஒரு நல்ல வழக்கமும் உண்டு. 1865 ஆம் ஆண்டிலிருந்து சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒருவர் மேடையில் உட்கார்ந்து பேப்பரும் நாவலும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். அப்படிக் கேட்டு ரசித்த நாவலின் பெயரைத்தான் ‘மாண்டிகிறிஸ்டோ’ என்று ஒரு சுருட்டுக்கு வைத்தார்கள் என்று சொல்வதுண்டு.

பேத்தி யோசித்தாள். “அப்ப சுருட்டு நல்லதா கெட்டதா தாத்தா?”

கண்டக்டருக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பிறகு சொன்னார். “சுருட்டற கை நல்ல கை பாப்பா. குடிக்கற வாய்க்குத்தான் கெடுதி.”

சொல்லிவிட்டாரே ஒழிய, அன்று ராத்திரிதான் நிஜமான பரீட்சை.

பதினோரு மணிக்குத் திறந்திருந்த கடை

இரவு பதினோரு மணி. கண்டக்டருக்குத் தூக்கம் வரவில்லை. வாய் எதையோ கேட்டது. சுருட்டு இல்லை, வேறு ஒன்று. பதினோரு வருஷமாக மறந்திருந்த பழைய பிராண்ட் பெயர், பாக்கெட்டின் நிறத்தோடு கண்முன் வந்தது. கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ராத்திரி முழுக்கக் கடை திறந்திருக்கும் என்று கால்களுக்குத் தெரியும். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார்.

மலிவுச் சுருட்டின் விலை 849 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். ஒரு சுருட்டுக்கு 141 ரூபாய் ஐம்பது காசு. கண்டக்டர் வாங்கும்போதே வகுத்துப் பார்த்த கணக்குதான். ஆனால் முழு விலையை அன்று ராத்திரி வாசலில் நின்றுதான் பார்த்தார். புகையை விட்டவருக்கு ‘ஒன்றே ஒன்று’ என்பது கிடையாது. மூளை அந்தச் சுகத்தை அழிப்பதில்லை, மூடி வைத்திருக்கிறது. வேறு பெயரில், வேறு பாக்கெட்டில், வேறு வாசனையில் போனாலும் நிகோடின் அந்த மூடியைத் திறந்துவிடும். நாலு சாயங்காலத்தில் அவருக்குத் திறந்துவிட்டது.

கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு மருமகள் எழுந்து வந்தார். ‘எங்கே’ என்று கேட்கவில்லை. “அஞ்சு நிமிஷம் உக்காருங்க மாமா. அப்புறம் போலாம்” என்றார்.

தண்ணீர் கொடுத்தார். இரண்டு கிராம்பு கொடுத்தார். பேத்தி பள்ளியில் பரிசு வாங்கிய கதையைத் திரும்பவும் சொன்னார். அந்தத் தவிப்பு அலை மாதிரி. சில நிமிஷம் எழும்பி நிற்கும், பிறகு தானே இறங்கும். அந்த நேரத்தைத் தள்ளிப் போட்டால் போதும். அடுத்த அலையில் அதையே திரும்பச் செய்ய வேண்டும். ஐந்து நிமிஷம் இருபது நிமிஷமாயிற்று. கண்டக்டர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

காலையில் மருமகள் ஒரு நம்பரை எழுதி மேசையில் வைத்தார். 1800-11-2356. புகையிலையை விட நினைப்பவர்களுக்காக மத்திய அரசு நடத்தும் இலவசத் தொலைபேசிச் சேவை. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும் நம்பர்தான். புகைக்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது தெரிவதில்லை. கண்டக்டர் கூச்சப்பட்டார். ஆனாலும் கூப்பிட்டார். எதிர்முனையில் யாரும் திட்டவில்லை. எந்த நேரத்தில் தவிப்பு வருகிறது, எதைப் பார்த்தால் வருகிறது என்று கேட்டார்கள். ‘ராத்திரி, தனியா இருக்கும்போது’ என்று சொன்னபோது அவருக்கே தன் வியாதி பாதி புரிந்தது.

மருமகள் இன்னொரு வேலையும் செய்தார். டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். அழிக்க முடியாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறப்பதில் சிரமம் என்று எது இருந்தாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும். புகையிலையை எப்போதோ விட்டவர்களும் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. ஆரம்பத்தில் கண்டால் வாய்ப் புற்றுநோய் குணமாகக்கூடியது. கண்டக்டர் வாயில் எதுவும் இல்லை.

ஆடி மாசப் படையல்

மீதி இரண்டு சுருட்டு இருந்ததே, அதை என்ன செய்வது? குப்பையில் போட கண்டக்டருக்கு மனசில்லை. 849 ரூபாயில் மூன்றில் ஒரு பங்கு ஆயிற்றே. அதற்குள் ஆடி மாசம் வந்துவிட்டது.

அவருடைய சொந்தக் கிராமத்தில் பனைமரத்தடியில் முனீஸ்வரன் இருக்கிறார். கோபுரம் கிடையாது. அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி என்றால் முனீஸ்வரன் மொத்தமே மூன்றடி. பொங்கல், முட்டை, கருவாட்டுக் குழம்பு என்று படைப்பார்கள். கூடவே சுருட்டு. தமிழ்நாட்டுக் காவல் தெய்வங்கள் பலவற்றுக்கும் சுருட்டு பிடிக்கும். ராத்திரி முழுக்க எல்லையில் கண் விழித்துக் காவல் இருக்கிறவர் என்ற நினைப்பில் ஜனங்கள் கொடுக்கும் மரியாதை அது.

படையல் இலையில் கண்டக்டர் தன் இரண்டு சுருட்டையும் வைத்தார். பேத்தியிடம் ‘சாமிக்கு’ என்று சொன்ன பொய்யை உண்மையாக்கிவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. வயசான பூசாரி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். முகம் சுளித்தது.

“இன்னா கண்டக்டரே, கேக்கு வாசன அடிக்குது?”

ஆறில் இரண்டு வெனிலா என்பது அப்போதுதான் தெரிந்தது.

“ஆன்லைன்ல வாங்கினது பூசாரி. ஃபாரின் மாடலு.”

“முனீஸ்வரன் இத்த தொடமாட்டாரு. அவருக்கு நம்ம திருச்சி சுருட்டுதான்.” பூசாரி அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, தன் மடியிலிருந்து ஒரு நாட்டுச் சுருட்டை எடுத்தார். கற்பூரத்தில் பற்றவைத்துச் சாமி முன்னால் வைத்தார்.

பனைமரத்துக் காற்று புகையை இந்தப் பக்கம் தள்ளியது. காரமான, கொஞ்சம் புளித்த, மண் கலந்த வாசனை. கண்டக்டர் கண்ணை மூடினார். அப்பா, வரப்பு, துண்டு எல்லாம் ஒரு நொடியில் வந்து போயின. மருமகள் பேத்தியை இழுத்துக் காற்று வராத பக்கமாக நிறுத்திக்கொண்டார். கண்டக்டரும் இரண்டடி தள்ளி வந்து அவர்கள் பக்கத்தில் நின்றார்.

பூஜை முடிந்ததும் வழக்கப்படி பூசாரி ஒரு சுருட்டை அவரிடம் நீட்டினார். “பெரியவங்களுக்குப் பிரசாதம். புடிங்க.”

கண்டக்டர் கும்பிட்டார். “திருநீறு குடுங்க போதும். நான் விட்டு பதினோரு வருஷம் ஆவுது.” கொஞ்சம் நிறுத்தினார். “இல்ல பூசாரி. நடுவுல நாலு நாளு கழிச்சிக்கணும்.”

பூசாரி சிரித்துவிட்டார். “கண்டக்டர் கணக்கு சரியாத்தான் இருக்கும்.”

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் பேத்தி. பாட்டுக் கேட்கலாம் என்று கண்டக்டர் போனைத் திறந்தார். அதே சோபா, அதே இரண்டு வாலிபர்கள், புதிதாக ஐந்து சுருட்டு. போனை அவள் பக்கம் நீட்டினார்.

“இது வராம இருக்க இன்னா பண்ணணும் பாப்பா?”

அவள் மூன்று புள்ளியைத் தொட்டாள், ஒரு வரியைத் தொட்டாள். சோபா மறைந்தது.

“அவ்ளோதானா? இனிமே வராதா?”

“வந்தாலும் வரும் தாத்தா. வந்தா திரும்ப இதே மாதிரி பண்ணணும்.”

கண்டக்டர் தலையாட்டினார். அது அவருக்குத் தெரியும்.